செல்போனும் வெந்தயக்கீரையும்: பிள்ளைகளின் ஆய்வில் பெரியவர் கை எவ்வளவு இருக்கலாம்?

ஜூலை 9: கேள்வி

மகள் எட்டாம் வகுப்பு. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்துட்டா. டீச்சர் "வீட்ல கேட்டு நல்ல தலைப்பா கொண்டு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. "செல்போன் கதிர்வீச்சால் தாவரங்களுக்கு ஏற்படும் பாதிப்பு" எடுக்கலாமா? ரெடியா ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க, நானே டைப் பண்ணிக் கொடுத்துடுவேன். பரிசு வாங்குற மாதிரி இருக்கணும்.

ஜூலை 9, இரவு

ரிப்போர்ட் அனுப்பப் போவதில்லை, கோபப்படாதீர்கள். அந்தத் தலைப்பில் இணையம் முழுக்க ரிப்போர்ட் கிடக்கிறது. நடுவராக உட்காருகிறவர்களும் அதையெல்லாம் படித்து அலுத்தவர்கள்தான். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், நாகை கடலோரம். பிள்ளைகள் தாங்களே ஆய்வு செய்து நடுவர்கள் முன் வைக்கும் அந்த மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் போயிருக்கிறேன், மதிப்பீட்டுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். செல்போனும் செடியும் வராத வருடம் எனக்கு நினைவில்லை. எல்லாவற்றிலும் செடி கருகித்தான் இருக்கும். ஒன்றிலாவது கருகாமல் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

தலைப்பு மோசம் என்று சொல்லவில்லை. 2013-ல் டென்மார்க்கில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் இதைத்தான் செய்தார்கள். தலைமாட்டில் போனை வைத்துத் தூங்கினால் மறுநாள் வகுப்பில் மனம் ஒட்டவில்லை என்று அவர்களுக்கே தோன்றியது. தங்கள் மேலேயே சோதித்துப் பார்க்கக் கருவி இல்லை, அதனால் விதைக்கு வந்தார்கள். கிரெஸ் என்ற கீரையின் விதை 400, பன்னிரண்டு தட்டு. ஆறு தட்டு வைஃபை ரூட்டர் உள்ள அறையில், மீதி ஆறு ரூட்டர் இல்லாத அறையில். பன்னிரண்டு நாள் கழித்து ரூட்டர் அறையில் முளைப்பு மோசம். உலகம் முழுக்கச் செய்தியானது.

பிறகு கேள்விகள் கிளம்பின. ரூட்டர் சூடாகும். சூட்டில் தட்டு சீக்கிரம் காயும். அப்படியென்றால் விதையைக் கெடுத்தது அலையா, வறட்சியா? அந்தப் பெண்கள் மேல் எனக்கு மரியாதைதான். சொந்தச் சந்தேகத்தில் தொடங்கினார்கள், எண்ணினார்கள், வெளியே சொன்னார்கள். உங்கள் மகள் இதையே எடுப்பதாக இருந்தால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு எடுக்கட்டும்: மின்சாரத்தில் சூடாகிற, ஆனால் அலை வராத ஒரு பெட்டியை இரண்டாவது அறையில் வைக்க வேண்டும், எந்தத் தட்டு எந்த அறையது என்று தெரியாத ஒருவர் முளையை எண்ண வேண்டும். அவ்வளவு மெனக்கெட அவளுக்கு ஆசை இருக்கிறதா? அவளிடம் கேட்டீர்களா?

ஜூலை 10

காலையில் தோன்றியது, சேர்த்துவிடுகிறேன். தலைப்பு கேட்காதீர்கள், புகார் கேளுங்கள். "உனக்கு எது புரியல, எது எரிச்சலா இருக்கு, எதை யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கேட்டு ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் இப்படி வந்தவற்றில் சில: மதிய உணவுத் தட்டு கழுவுகிற இடத்தில் மட்டும் ஏன் தவளை? மாடி வீட்டை விட ஓட்டு வீட்டில் ஏன் தூக்கம் நன்றாக வருகிறது? தமிழ் சார் வகுப்பில் மட்டும் கொட்டாவி ஏன்? (கடைசிக் கேள்வியை ஆய்வாக்க விடவில்லை. சாரோடு தினமும் ஒரே அறையில் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.)

ஜூலை 14

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தமாக என்ன கேள்வி வந்துவிடும்? பெரியவர் சொல்லிக்கொடுத்தால்தானே?"

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்று ஒரு கிராமம். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள், பஃப்-டெயில்ட் பம்பிள்பீ என்ற தேனீ, எந்தப் பூவில் தேன் இருக்கிறது என்பதை நிறத்தையும் நிறங்கள் அமைந்திருக்கும் விதத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறதா என்று சோதித்தார்கள். கேள்வி, விளையாட்டு மாதிரியான சோதனை அமைப்பு, எழுதியது, கலர் பென்சிலில் படம் வரைந்தது எல்லாம் பிள்ளைகள். 2010 டிசம்பரில் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் வந்தது. முந்தைய ஆய்வுகளின் பட்டியல் கிடையாது, ஏனென்றால் அந்தக் கட்டுரைகளைப் பிள்ளைகளால் படிக்க முடியாது. கூட நின்றவர் ஒரு நரம்பியல் ஆய்வாளர், பள்ளித் தலைமையாசிரியரும் துணை. பெரியவர்கள் இருந்தார்கள்தான், கேள்வியை மட்டும் பிடுங்கவில்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி. உடலைத் தொடாமல் மேலே கையை அசைத்தே நோயாளியின் ஆற்றல் புலத்தை உணர்கிறோம் என்று சொல்லும் சிகிச்சைக்காரர்கள் அங்கே ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு. இவள் ஒரு அட்டைத் தடுப்பில் ஓட்டை போட்டு, அவர்களின் இரண்டு கைகளையும் உள்ளே விடச் சொன்னாள். தன் கையை ஒரு கைக்கு மேல் காட்டி "எந்தக் கை?" என்று கேட்டாள். எந்தக் கை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தாள். 21 பேர், 280 முறை, சரியாகச் சொன்னது 123, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது, 1998-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தபோது அவளுக்கு 11 வயது. செலவு அட்டைக்கும் துணிக்கும்தான்.

"எங்க ஸ்கூல்ல லேப் இல்ல" என்று என்னிடம் சொல்லும் சக ஆசிரியர்களிடம் இந்த அட்டையைத்தான் சொல்வேன்.

ஜூலை 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் "எமிலியின் அம்மா நர்ஸ், அந்தச் சிகிச்சையை எதிர்த்தவர், கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது" என்கிறார். ஆமாம், இருக்கிறது. பெரியவர் கை இருந்தது. ஆனால் அந்தச் சோதனையில் அம்மா எதைச் செய்தார், மகள் எதைச் செய்தாள் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. மேடையில் பிள்ளையிடம் நான் தேடுவதும் அதைத்தான். "இதை எங்க மாமா கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்தார், எண்ணினது நான்" என்று ஒரு பையன் சொன்னால் முழு மதிப்பெண் போட எனக்குத் தயக்கமே இல்லை.

ஜூலை 19

கேள்வி கேட்ட அம்மா திரும்பி வந்துவிட்டார், மகளின் புகாரோடு: "எங்க வீட்ல போர் தண்ணி ஊத்தினா வெந்தயக்கீரை நுனி கருகுது, ஆச்சி வீட்ல அதே விதைதான், நல்லா வருது. ஏன்?"

அம்மா, இதை விட்டுவிட்டு டவர் பக்கம் போகப் பார்த்தீர்களே!

ஆனால் இப்படியே எடுத்தால் சிக்கல். ஆச்சி வீட்டில் மண் வேறு, வெயில் வேறு, ஆச்சியின் கைராசி வேறு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைக்க வேண்டும். விதை ஒரே பாக்கெட், மண் ஒரே மூட்டை, தொட்டி ஒரே திண்ணையில். தண்ணீர் மட்டும் இரண்டு: உங்கள் போர், ஆச்சி வீட்டுப் போர். மூன்றாவதாக மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் நல்லது. தண்ணீருக்கு ஒரு தொட்டி போதாது, குறைந்தது மூன்று. ஒரு தொட்டியில் எறும்பு புகுந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது மொத்தக் கரைபொருளைச் சொல்லும், அது உப்பா சுண்ணாம்பா என்று சொல்லாது. அதையும் அவள் நோட்டில் எழுதட்டும்.

ஆகஸ்ட் 3

பதிவுக் குறிப்பேடு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மாநாட்டில் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். போலியை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்: மூன்று மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கூட விடாமல் காலை எட்டு மணிக்கு அளவு. தீபாவளியன்றும் அளந்திருப்பார்கள்.

நான் பார்த்த ஒரு நல்ல நோட்டில் இப்படி இருந்தது: "இன்று அளக்கவில்லை. அத்தை கல்யாணம். தம்பியிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், ஊற்றினானா தெரியாது, 'ஊற்றினேன்' என்கிறான்." இரண்டு நாள் கழித்து அதே பக்க ஓரத்தில்: "ஊற்றவில்லை. மண் காய்ந்திருந்தது. 3-ஆம் தொட்டி கணக்கில் சேர்க்கவில்லை." மஞ்சள் கறை வேறு, கல்யாண வீட்டுச் சாம்பாராக இருக்கும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணிடம் சந்தேகமாகக் கேட்க எதுவுமே மிச்சமில்லை.

ஆகஸ்ட் 4

ஒரு தந்தை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் இதே வெந்தயத்தை அனுப்பலாமா என்கிறார். இரண்டும் வேறு. இன்ஸ்பயர் மானக் கேட்பது புது யோசனை, பெரும்பாலும் கருவியாகவோ அன்றாடச் சிக்கலுக்குத் தீர்வாகவோ. பள்ளி மூலம் பதிவேற்ற வேண்டும், தேர்வானால் மாணவர் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும், அதை வைத்து மாதிரி செய்ய வேண்டும். குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து தேசிய அளவில் நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை, பள்ளிக்குப் போகாத பிள்ளையும் சேரலாம். அது கேட்பது உள்ளூர்ப் பிரச்சினை, அதில் அளந்து கண்டது. தமிழிலேயே எழுதலாம், பேசலாம். இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது. ஆங்கில ரிப்போர்ட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்து, நடுவில் ஒரு வரி மறந்து, கண்ணீரோடு நிற்கும் பிள்ளைகளை எத்தனை முறை பார்ப்பது?

ஆகஸ்ட் 22

"பாக்டீரியா வளர்க்கலாமா, வீட்டில் அகர் காய்ச்சி?" வேண்டாம். பஸ் கைப்பிடியிலும் செல்போன் திரையிலும் துடைத்து எடுத்துத் தட்டில் வளர்த்தால் என்ன வளர்கிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆய்வோடு வரும், அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் போட்டியிலும் வீட்டில் நுண்ணுயிர் வளர்ப்பதற்குத் தடை, அதற்குரிய ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். மனிதர்களை வைத்து ஆய்வு என்றால், அது வெறும் கேள்வித்தாளாக இருந்தாலும், தொடங்கும் முன்பே ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நம் ஊரில் "50 பேரிடம் சர்க்கரை நோய் பற்றிக் கேட்டோம், பெயர் முகவரியோடு இணைத்துள்ளோம்" என்று சார்ட்டில் ஒட்டி மாட்டுகிறார்கள். அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியுமா?

ஆகஸ்ட் 23

கொசுவையும் சொல்லிவிடுகிறேன். கொட்டாங்குச்சிக்கு உள்ளே கறுப்பு அடித்து, தண்ணீர் ஊற்றி, எங்கே அதிகம் முட்டை இடுகிறது என்று பார்ப்பது அருமையான ஆய்வு. ஆனால் ஏடிஸ் கொசு நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள்தான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணிவிட்டுத் தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டி, ஓட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் டெங்கு ஒழிப்பு ஆய்வு டெங்கு வளர்ப்பு ஆய்வாகிவிடும். சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் போட்டால் அதையும் நோட்டில் எழுத வேண்டியதுதான்.

செப்டம்பர் 11

வெந்தயப் பெண்ணின் அம்மா பதறிப்போய் எழுதியிருக்கிறார்: முளைப்பதில் வித்தியாசமே இல்லையாம். மூன்று தண்ணீரிலும் ஏறக்குறைய எல்லாம் முளைத்துவிட்டது. "ஆய்வு தோற்றுப்போச்சு, எண்ணைக் கொஞ்சம் மாத்தலாமா?"

மாற்றக் கூடாது. தோற்கவும் இல்லை. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. கடலோர உப்பு நிலத்துக்குக் குழியடிச்சான் என்று ஒரு பழைய நெல் உண்டு. உப்பைத் தாங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாணவர்கள் இரண்டு பேர் அதையும் ஆடுதுறை 43 என்ற நெல் ரகத்தையும் உப்புத் தண்ணீரில் முளைக்கப் போட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி முளைத்தன. பையன்கள் முகம் தொங்கிப்போனது. ஆனால் நெல்லின் சுபாவமே அதுதான்: முளைக்கும் கட்டத்தில் ஓரளவு உப்பைத் தாங்கும், இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும் காலத்திலும்தான் அடிபடும். முளைப்பதை எண்ணிவிட்டு "உப்பு பாதிக்கவில்லை" என்று எழுதினால் அது அரைகுறைப் பதில். தட்டைத் தூக்கி எறியாதீர்கள், நாற்றின் உயரத்தை அளங்கள் என்றேன். அதன் பிறகுதான் இரண்டும் பிரியத் தொடங்கின.

உங்கள் மகள் முதலில் சொன்ன புகார் என்ன? நுனி கருகுது. முளைக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லையே. மூன்றாவது வாரம் வரை விட்டு, கருகிய இலையை எண்ணச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 12

ஒன்று விட்டுப்போனது, முக்கியமானது. வெறும் தட்டில் செய்கிறவர்கள் கவனிக்க: உப்புத் தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தட்டிலேயே நிற்கிறது. குறைந்த அளவை மறுபடி உப்புத் தண்ணீரால் நிரப்பினால் நாலு நாளில் லிட்டருக்கு 2 கிராம் என்று எழுதி வைத்தது எங்கேயோ போயிருக்கும். தட்டை மூடி வையுங்கள். குறைந்தால் உப்பில்லாத தண்ணீரால் பழைய கோடு வரை நிரப்புங்கள். எங்கள் பையன்கள் தட்டின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அதற்கு "கடல் மட்டம்" என்று பெயரும் வைத்தார்கள்.

செப்டம்பர் 30

சராசரி பற்றி. மூன்று தொட்டி உயரத்தைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பெரிய பார் கிராஃப் வரைந்து கலர் அடிப்பதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு செடியையும் ஒரு புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு தண்ணீரின் புள்ளிக் கூட்டமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் சராசரியில் தெரியும் அரை சென்டிமீட்டரை நம்ப வேண்டியதில்லை என்று பிள்ளைக்கே கண்ணில் தெரிந்துவிடும். டி-டெஸ்ட், பி-மதிப்பு என்ற புள்ளியியல் கணக்கெல்லாம் பிளஸ் டூவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை "பி 0.05-க்குக் கீழே" என்று சொன்னால் நான் பின்னால் நிற்கும் அப்பாவைத்தான் பார்ப்பேன்.

அக்டோபர் 18

காசு வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைக்கு ஆய்வுக் கட்டுரை "செய்து தருகிற" ஆட்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமாம். உதவலாம். எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை, அது கல்யாண மண்டபம் புக் செய்வது மாதிரி ஒரு ஏற்பாடு.

ஆனால் அதே கேள்வியை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெர்மோகோலை நறுக்கிக் கொடுத்து, முடிவுரை எழுதிக் கொடுத்து, "சொல்லு, சொல்லு" என்று மேடை ஓரத்தில் நின்று வாயசைக்கும் ஆசிரியர் மட்டும் என்ன வேறு? நான் எனக்கு வைத்திருக்கும் எல்லை இது: பாதுகாப்பு என் பொறுப்பு, பொருள் வாங்கித் தருவது என் பொறுப்பு, "இதை எப்படித் தெரிஞ்சுகிட்ட?" என்று நச்சரிப்பது என் பொறுப்பு. பேனாவைத் தொட மாட்டேன். பிள்ளையின் தமிழில் சந்திப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 19

"பேனாவைத் தொடாவிட்டால் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளை எப்படி எழுதும்? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது." ஒரு தோழி கேட்டிருக்கிறார், குத்தலாகத்தான்.

நியாயம். நேற்றைய எல்லையைத் தளர்த்துகிறேன். எழுதத் திணறும் பிள்ளையைப் பேச விட்டு, அதை அப்படியே எழுதிக்கொடுக்கலாம். அதன் வார்த்தையை நம் வார்த்தையாக மாற்றாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். "செடி வாடி வதங்கிப்போச்சு" என்று அது சொன்னதை "தாவர வளர்ச்சியில் எதிர்மறை விளைவு காணப்பட்டது" என்று ஆக்கினால் பிள்ளைக்கே தன் ஆய்வு அடையாளம் தெரியாது.

நவம்பர் 9

மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1963-ல் தான்சானியாவில் எரஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளிப் பையன் ஐஸ்கிரீம் செய்யும்போது சூடான பாலை ஆறவிடாமல் ஃப்ரீசரில் வைத்தான், அது இன்னொரு பையன் காய்ச்சாமலே வைத்த பாலுக்கு முன்பே உறைந்தது. ஆசிரியர் கேலி செய்தார், வகுப்பும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் பள்ளிக்குப் பேச வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதே கேள்வியைக் கேட்டான். அவர் போய்ச் செய்து பார்த்தார், 1969-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பையன் சொன்னது சரியா என்றால், இன்னும் சண்டைதான்: 2016-ல் இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் கவனமாக அளந்துவிட்டு அப்படி ஒரு விளைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். தெர்மோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கி வைத்தாலே முடிவு மாறிவிடும் என்பதும் அவர்கள் காட்டியதுதான். விடை எப்படியும் போகட்டும், ஆஸ்போர்ன் செய்து பார்த்தாரே, அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டிசம்பர் 2

வெந்தயம் மாவட்ட அளவோடு நின்றுவிட்டதாம். அம்மாவுக்கு வருத்தம், மகளுக்கு அவ்வளவாக இல்லை போலிருக்கிறது. போர் தண்ணீரையும் மழைநீரையும் பாதிப் பாதி கலந்தால் என்ன ஆகும் என்று தொட்டிகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறாளாம். நடுவர் கேட்டது: "உன் வீட்டு மண்ணில் ஏற்கெனவே உப்பு இருந்திருந்தால்?" நல்ல கேள்வி. ஒரு கைப்பிடி மண்ணை மழைநீரில் கலக்கி, தெளிய வைத்து, மேல் தண்ணீரில் மீட்டரை விடச் சொல்லுங்கள். ஆச்சி வீட்டு மண்ணையும் அதே அளவு மண், அதே அளவு தண்ணீர் வைத்துப் பார்க்கட்டும். மண்வள அட்டையில் மின்கடத்துதிறன் என்று ஒரு வரி இருக்கும், வீட்டில் யாருக்காவது வயல் இருந்தால் அட்டையை எடுத்து அதோடு ஒப்பிடலாம்.

டிசம்பர் 28

போட்டி இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது, 2015-லிருந்து நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் குறித்து இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். காகமும் மைனாவும் மட்டும் வந்தாலும் ஏற்றலாம், அதுவும் தகவல்தான். எங்கள் பள்ளியில் ஒருவன் மைதானத்தை விட மீன் மார்க்கெட்டில் பருந்து அதிகம் என்று அடித்துச் சொல்கிறான், இன்னொருவன் இல்லை என்கிறான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தப் போகிறேன், இடம் மாற்றி மறுநாளும். கைக்கடிகாரம் இல்லாதவன் மார்க்கெட் பக்கம் நிற்கட்டும், அங்கே டீக்கடையில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது.